கதிரையில் இருக்காதவள்

எங்கள் ஊரில் அவளுடைய பெயரை யாராவது எடுத்துவிட்டால் போதும், நாலு பேர் கூடி ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். என் வாயில் அந்தப் பெயர் வராது. இங்கேயும் எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே போதுமான அளவு புழங்கிவிட்ட பெயர்.

பக்கத்துத் தீவில் கரம்பொன்காரி. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பிள்ளை, தகப்பனும் தமையன்மாரும் கடல் தொழில். என்னிலும் ஏழெட்டு வயது இளையவள். சமாதான காலத்தில் எங்கள் மடத்துவெளி வாசிகசாலைக்கு ஒரு கொம்பியூட்டர் கிடைத்தபோது, அதைப் பழக்குவதற்கென்று புங்குடுதீவுக்கு வந்து சேர்ந்தாள். கொம்பியூட்டர் வந்ததைவிட அவள் வந்ததுதான் ஊரில் பெரிய கதையாகிப் போனது.

நான் அப்போது மாதர் சங்கத்துச் செயலாளர். இடம்பெயர்ந்து போயிருந்த நாங்கள் தொண்ணூற்றாறில் திரும்பி வந்தோம். அன்றிலிருந்து அந்தச் சங்கத்தை இழுத்துக்கொண்டு திரிந்தவள் நான். கூட்டம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் ஐந்தாறு பேர் வருவார்கள், அதிலும் இரண்டு பேர் நித்திரை கொள்வார்கள். அவள் வந்து கொஞ்ச நாளிலேயே வாசிகசாலைக்குள் இடம் காணாமல் பெண்கள் யன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள்.

அழகி என்றாலாவது மனம் ஆறும். அதுவும் இல்லை. தலையை ஒழுங்காக இழுக்கத் தெரியாது, பின்னல் எப்போதும் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். சோறு காய்ச்சினால் களியாகிவிடும். கூட்டத்தில் பாட்டுப் பாடச் சொன்னால் வெட்கமில்லாமல் பாடுவாள், சுருதி கிட்டவும் நிற்காது. இவ்வளவு குறையையும் ஊரில் நான் ஒருத்திதான் கவனித்திருக்கிறேன் போலிருக்கிறது. மற்றவர்கள் அவள் பாடி முடித்ததும் இன்னொன்று கேட்டார்கள்.

அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டிருந்தது. அதில் அவள் இருந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. யார் வந்தாலும் அவர்களைக் கதிரையில் இருத்திவிட்டுத் தான் பின்னால் நிற்பாள். வாழ்நாளில் பென்சில் பிடித்தறியாத பொன்னம்மா மாமியையும் அப்படித்தான் இருத்தினாள்.

“அமத்துங்கோ மாமி.”

“பிழைச்சுப் போனால் பிள்ளை?”

“பிழைச்சால் திருத்தலாம். உது கண்ணிவெடி இல்லை மாமி, ஒண்டும் வெடிக்காது. அமத்துங்கோ.”

மாமி ஒற்றை விரலால் அமத்தினார். திரையில் ஒரு ‘ப’ வந்தது. அந்த ஒரு எழுத்தைக் கண்டு மாமி சிரித்த சிரிப்பை நான் இவ்வளவு காலமும் சங்கம் நடத்தி ஒருவருக்கும் வரவைத்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்ல?

ஊரில் இன்டர்நெற் இல்லை, ரெலிபோன் கம்பியும் இல்லை. ஊரார் அமத்தி அமத்தி எழுதியதையெல்லாம் புளொப்பிகளில் ஏற்றி, உப்புக்காற்றுப் படாமல் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே நெற் கடையில் இருந்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, வந்திருக்கும் பதில்களை அதே பெட்டிக்குள் போட்டுக்கொண்டு பின்னேர பஸ்ஸில் திரும்புவாள். பஸ் நிற்கும் இடத்தில் சனம் காத்திருக்கும். பாலத்தடிச் சோதனையில் பெட்டியைத் திறந்து பார்க்கிற நேவிக்காரன்கூட அவளோடு பகிடி விட்டுத்தான் திருப்பிக் கொடுப்பான். எங்களைக் கண்டால் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற அதே ஆள்தான்.

எங்கள் ஊரின் பெரிய வருத்தம் தண்ணீர். அநேகமான கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது, பால் தேத்தண்ணி போட்டால் திரைந்து போகும். நல்ல தண்ணீர்க் கிணறுகள் இல்லாமலில்லை. ஆனால் அவை வெளிநாட்டுக்குப் போனவர்களின் வளவுகளுக்குள், பூட்டிய படலைகளுக்குப் பின்னால் கிடந்தன. ஆளில்லாத வளவுதானே என்று வேலியை விலத்திக்கொண்டு போய் அள்ளுகிற சனம் நாங்கள் இல்லை. அடுத்தவன் காணிக்குள் கேளாமல் கால் வைக்க மாட்டோம். கேட்கவும் மாட்டோம், அதற்கு ரோசம் விடாது. ஆகவே தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி வரும் வரைக்கும் குடங்களை ரோட்டில் அடுக்கிவிட்டுக் காத்திருப்போம்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டத்தில் அவள் சொன்னாள்:

“பூட்டின படலையை எத்தினை நாளைக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறது? கேட்டுப் பாப்பமே எல்லாருமாய்.”

“எழுதிக் கேட்டுத் தந்த ஆக்கள் உண்டோ? ஏலாத கதை பிள்ளை” என்றேன் நான்.

“ஒராள் கேட்டா ஏலாதுதான் அக்கா. அதுதான் எல்லாருமாய் எண்டனான்.”

அவள் செய்த வேலை இதுதான். வளவு பார்க்கிறவர்களைப் பிடித்து, ஒரு பொழுதுக்கு மட்டும் படலையைத் திறந்துவிடச் சொன்னாள். பெண்கள் கூட்டமாக உள்ளே போய், கிணற்றடியிலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால் தேத்தண்ணி போட வேண்டும். திரைந்தால் அடுத்த வளவு. திரையாவிட்டால் எல்லாரும் கையில் தம்ளரோடு கிணற்றுக்கட்டைச் சுற்றி நிற்க, யாரிடமோ இரவல் வாங்கிய டிஜிற்றல் கமராவால் படம் எடுக்க வேண்டும். அதையும் தான் எடுக்க மாட்டாள். கமராவைப் பொன்னம்மா மாமியின் மருமகளிடம் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு கரையில் தம்ளரோடு நிற்பாள்.

“கிணத்தைப் படம் எடுத்து அனுப்பினால் காணாதோ? உதென்ன கூத்து?” என்று கேட்டேன்.

“கிணத்தை அனுப்பினா அவை கிணத்தைப் பாப்பினம் அக்கா. உங்களை அனுப்பினா தங்கட ஆக்களைப் பாப்பினம்.”

அந்தப் படங்களை அவள் தனித்தனியாக அனுப்பவில்லை. கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று இருக்கிற எல்லா வளவுக்காரருக்கும் ஒன்றாக, ஒருவர் எழுதுவது மற்றவருக்கும் தெரிகிற மாதிரி அனுப்பினாள். பாரிசில் கடை வைத்திருக்கிற ஒருவர் முதலில் ஓமென்று எழுதினார். அவரோடு பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே போட்டி போடுகிற ரொறன்ரோக்காரர் அடுத்த கிழமையே தன் வளவையும் திறக்கச் சொல்லி, அள்ளுவதற்குப் புதுக் கப்பியும் போடச் சொன்னார். சுவிஸ்காரர் ஒருவர், தான் வந்து பார்க்கும்போது கிணற்றடி சேறாகிக் கிடக்கும், தர ஏலாது என்று எழுதினார். அவ்வளவுதான். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் அவருடைய ஊர்க்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவரும் படலையைத் திறந்து, சேறாகாமல் இருக்க சீமெந்துக் கட்டுக்கும் ஏற்பாடு செய்தார்.

“நாங்கள் ஒண்டும் செய்யேல்லை. அவை தங்களுக்குள்ள கதைச்சு முடிச்சிட்டினம்” என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாங்கள் என்றுதான் எப்போதும் சொல்லுவாள். நான் என்ற சொல்லை அவள் வாயில் கேட்க முடியாது. அதுகூடப் பரவாயில்லை. பிரதேச சபையிலிருந்து ஒரு பெரியவர் கிணறுகளைப் பார்க்க வந்த அன்று அவள் செய்த வேலையைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. அவர் அவளைப் பார்த்து, ஆருடைய யோசினை இது என்று கேட்டார்.

“செயலாளர் அக்கான்ர யோசினை ஐயா. ஒராள் கேட்டா ஏலாதெண்டு அவதான் முதல்ல சொன்னவ.”

எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள். ஏலாது என்று நான் சொன்னதை எடுத்துத் திருப்பிப் போட்டு எனக்கே மாலையாகப் போட்டுவிட்டாள். நான் எழும்பி நின்று கும்பிட வேண்டியதாகப் போயிற்று. அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஊரில் ஒரு சொல் குறையாகச் சொல்ல எனக்கு வழியில்லை. அவள் தன் பேரைக் கிள்ளிக் கிள்ளி எல்லாருக்கும் கொடுத்தாள், அது அவளிடமே இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. எனக்கு வந்த பேர் அன்றைக்குப் பின்னேரத்தோடு முடிந்தது.

வீட்டில் என் மனுசன், இவருக்குச் சொல்லி ஆறலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை.

“உமக்குத்தானே கை தட்டினவை? பிறகென்ன?”

“அவள் தட்ட வைச்சதாலை தட்டினவை.”

“உமக்கு என்னதான் வேணும்?”

என்ன வேண்டும் என்று எனக்கும் அப்போது தெளிவாகத் தெரியாது. அக்காவின் வளவைப் பற்றிய கதை வந்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் ஊரின் நல்ல தண்ணீர்க் கிணறுகளில் ஒன்று என் அக்காவின் வளவில் இருந்தது. நான் பிறந்து வளர்ந்த வீடு அது. ஐயா அதை அக்காவுக்குச் சீதனமாக எழுதினார். எனக்குத் தெற்குப் பக்கத்துக் காணி, உவர்க் கிணறு. மூத்தவளுக்கு நல்லதும் இளையவளுக்கு மிச்சமும் என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அக்காவின் கலியாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு விருந்தாளி மாதிரித்தான் போய்வந்தேன். சண்டைக் காலத்தில் அக்கா குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். வீட்டுப் பூட்டின் திறப்பு அத்தானின் சொந்தக்காரர் ஒருவரிடம் வேலணையில் இருந்தது. என்னிடம் இல்லை. நாங்கள் திரும்பி வந்து, கூரை போன என் வீட்டுக்குத் தகரம் போட்டு இருந்த காலத்தில், “தங்கச்சி, திறப்பை வாங்கிக்கொள், கிணத்தில அள்ளு” என்று அக்கா ஒரு வார்த்தை எழுதுவார் என்று பார்த்திருந்தேன். எழுதவில்லை. பிறகு நானும் எழுதுவதை விட்டுவிட்டேன். அந்தப் படலையைத் தாண்டித்தான் பவுசருக்குக் குடம் தூக்கிக்கொண்டு போவேன். தலையைத் திருப்ப மாட்டேன்.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அந்தப் பச்சைக் கதிரையைக் காட்டினாள்.

“இருங்கோ அக்கா. உங்கட அக்காவுக்கு நீங்கள் எழுதினால் நல்லம்.”

“அவவுக்கு நான் எழுத மாட்டன்.”

“அப்ப நாங்கள் எழுதட்டோ?”

“உம்மட விருப்பம்.”

எழுதட்டும் என்றுதான் விட்டேன். அக்கா மறுக்க வேண்டும், அதுவும் அவளுக்கு மறுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். சுவிஸ்காரரை மடக்கியது மாதிரி என் அக்காவை மடக்க ஏலாது என்று ஊர் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. அக்கா எல்லாருக்கும் இல்லையென்று சொன்னால், என்னை மட்டும் ஒதுக்கவில்லை என்றாகிவிடும்.

சனிக்கிழமை பின்னேர பஸ்ஸால் இறங்கியவள் கூட்டத்தில் என்னைத்தான் தேடினாள். முகத்தைக் கண்டதுமே விளங்கிவிட்டது.

“உங்கட அக்கா ஓமெண்டிட்டா. படலை, கிணறு எல்லாம் ஊருக்கெண்டு எழுதியிருக்கிறா. எவ்வளவு நல்ல மனுசி.”

நல்ல மனுசியாம். இவள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

அதோடு முடியவில்லை. அக்கா அவளுக்கு ஒவ்வொரு கிழமையும் எழுதத் தொடங்கினார். அவள் ஒளிக்காமல் என்னிடம் வந்து சொல்லுவாள். அக்காவுக்கு மூச்சு இழுக்கிற முட்டாம், குளிர் தொடங்கினால் கூடுதாம். மூத்த மகன் தமிழ் கதைக்கிறானில்லையாம். அங்கேயுள்ள முருங்கைக்காய் வாய்க்கு ருசியில்லையாம். என் கூடப் பிறந்தவளுக்கு முட்டு இருக்கிறது என்பதை ஒரு கரம்பொன்காரி வந்து எனக்குச் சொன்னாள். நான் தெரிந்த மாதிரித் தலையாட்டினேன்.

படலை திறந்த அன்று முதல் வாளியை என்னை அள்ளச் சொல்லி எல்லார் முன்னாலும் கயிற்றை நீட்டினாள். “மற்றவை அள்ளட்டும்” என்று விலகி நின்றேன். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அள்ளி முடித்த பிறகு, நான் பிறந்த வீட்டுக் கிணற்றில் கடைசி ஆளாகக் குடத்தை நிரப்பிக்கொண்டு போனேன். இவர் இரண்டு தம்ளர் பால் தேத்தண்ணி குடித்துவிட்டு மூன்றாவது கேட்டார். நான் வாயில் வைக்கவில்லை. எனக்கென்று பவுசர் தண்ணீரை வேறாக ஒரு குடத்தில் வைத்துக் குடித்தேன். பைத்தியமோ என்று இவர் கேட்டார். கேட்கட்டும்.

“அக்கா உங்களோட கதைக்க ஆசைப்படுறா. யாழ்ப்பாணம் வாறீங்களோ? கொம்பியூட்டரில முகம் பாத்துக் கதைக்கலாம்” என்று அவள் பலமுறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் வேலை இருக்கிறது என்றேன். கடைசியில் போனேன். சமாதானம் பேச இல்லை. கேட்க ஒரு கேள்வி இருந்தது, அதை அவள் மூலமாகக் கேட்க மனம் வரவில்லை.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை அவளை விசாரிக்காத ஆள் இல்லை. கொண்டக்டர் அவளிடம் காசு வாங்க மாட்டேன் என்று நின்றான். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அக்காவிடம் கேட்கப்போவதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

நெற் கடையில் பலகையால் தடுத்த சின்ன அறை. அங்கேயும் ஒரு கதிரைதான். வழக்கம்போல என்னை இருத்தி, காதில் மாட்டுவதை மாட்டிவிட்டு, “வெளியில நிக்கிறன்” என்று போய்விட்டாள்.

திரையில் ஒரு மனுசி. கண்ணாடி போட்டு, மயிரைக் கட்டையாக வெட்டி, கழுத்து மூடக் கம்பளிச்சட்டை. படம் நின்று நின்று அசைந்தது. அக்கா என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“மெலிஞ்சு போனாய்” என்றார் அக்கா.

“எனக்குத் தராத திறப்பை அவளுக்கு ஏன் குடுத்தனீங்கள்?”

சுகம்கூட விசாரிக்காமல் அதைத்தான் முதலில் கேட்டேன். குரல் கனடாவுக்குப் போய்ச் சேர நேரம் எடுத்தது. அக்காவின் முகம் அப்படியே நின்றது. அது படம் நின்றதாலோ, அக்கா நின்றதாலோ தெரியவில்லை.

“அவ கேட்டவ. நீ கேக்கேல்லை.”

“நான் ஏன் கேக்க வேணும்? நான் பிறந்த வீடு.”

“ஓம். நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். தன்ர வீடு எண்டு நினைச்சிருந்தால் கேட்டிருப்பாளே எண்டு. ஐயா எழுதின நாளிலயிருந்து நீ என்னட்டை ஒண்டும் கேட்டதில்லை. தேங்காய் துருவவெண்டு திருவலகைகூடக் கேட்டதில்லை, பக்கத்து வீட்டை போய் வாங்கினாய். எனக்குக் கோபம் வராதோ?”

நான் கேளாமல் தருவார் என்று பார்த்திருந்தேன். தன்னிடம் கேட்பாள் என்று அவர் பார்த்திருந்தார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கும் ஒரே ரோசம். அக்கா அழுவதைத் திரை விட்டு விட்டுக் காட்டியது. நானும் அழுதேன். முட்டுக்கு என்ன மருந்து எடுக்கிறீங்கள் என்று கேட்டேன். ஐயாவின் திவசத்தை அங்கே எப்படிச் செய்கிறார் என்று கேட்டேன். கேட்கத் தொடங்கியதும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

பலகைக்கு அந்தப் பக்கம் அவளுடைய சிரிப்புக் கேட்டது. யாரோ முன்பின் தெரியாதவரைக் கதிரையில் இருத்தி, அமத்துங்கோ அமத்துங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்திலும் எரிந்தது. என் அக்காவை எனக்குத் தந்தவள் அவள். பறித்தவளோடு சண்டை பிடிக்கலாம். தந்தவளை என்ன செய்வது?

திரும்பும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. பண்ணைப் பாலம் தாண்டுவதற்குள் என் தோளில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டாள், கோணல் பின்னல் என் மடியில் விழுந்து கிடந்தது. நான் தள்ளிவிடவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவின் கிணற்றுத் தண்ணீரில் பால் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

பிறகு திரும்பவும் சண்டை தொடங்கியது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகிற பாதையைப் பூட்டினார்கள். அங்கே போன்கள் நின்றன, நெற் கடையும் மூடிக் கிடந்தது. தமையன் ஒருவனுக்கு ஏதோ கரைச்சல் என்று அவளுடைய குடும்பம் கப்பலேறிப் போனபோது அவளும் போய்விட்டாள். ஊரே அழுதது. நான் அழவில்லை. இனிச் சங்கம் என் கைக்கு வரும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமையே கூட்டம் வைத்தேன். ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்கள். நான் எழும்பிப் பேசத் தொடங்கினேன். கிணறுகளை எந்தக் கிழமை எந்தப் பக்கத்தார் இறைத்துத் துப்புரவாக்குவது என்பதை அவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். நித்திரை கொள்ள ஒருவரும் இல்லை. பொன்னம்மா மாமி என்னைப் பார்த்து, “நீர் கொஞ்சம் இரும் பிள்ளை, மற்றவையும் சொல்லட்டும்” என்றார். எல்லாரையும் செயலாளராக்கிவிட்டுப் போயிருந்தாள். எனக்கென்று ஒரு கதிரைதான் மிஞ்சியிருந்தது, அதில் இருந்தேன்.

சண்டை முடிந்த வருடம் எங்கள் வீட்டுக்குள்ளேயே கைபோன் வேலை செய்யத் தொடங்கியது. அக்கா ஒவ்வொரு ஞாயிறும் கோல் எடுப்பார். கதைத்து முடிகிற நேரம் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்:

“அந்தப் பிள்ளை எங்கை இருக்கிறாளெண்டு அறிஞ்சியோ? ஒருக்கா அவளோட கதைக்க வேணும் எனக்கு.”

மன்னார்ப் பக்கம் இருக்கிறாள். எனக்குத் தெரியும். அங்கே கடற்கரைப் பெண்களைச் சேர்த்து, மீன் விலையை ஒருவருக்கொருவர் கைபோனில் அறிவிக்கிற மாதிரி ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். யாரிடமோ என் நம்பரைத் தேடிப் பிடித்து அவளே கோல் எடுத்தாள். எடுத்த உடனே என்னை விசாரித்தாள், இவரை விசாரித்தாள், கிணறுகளை விசாரித்தாள். பிறகு கேட்டாள்:

“உங்கட கனடா அக்கா எப்பிடி? முட்டுக் குறைஞ்சுதோ? அவவின்ர நம்பர் இருந்தால் தாங்கோவன் அக்கா.”

“அவ நம்பர் மாத்திப்போட்டா. எனக்கும் தெரியாது” என்றேன்.

அக்காவுக்கும் அதே பதில்தான். “ஆருக்கும் தெரியாதாம் அக்கா. எங்கை போனாளோ” என்பேன். அக்கா பெருமூச்சு விடுவார். நான் முருங்கைக்காயைப் பற்றிக் கதையை மாற்றுவேன். இரண்டு நம்பரும் என் கைபோனில் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. பொத்தானை அமத்தினால் போதும், அமத்துவதற்கு அவள்தான் பழக்கிவிட்டவள். அமத்த மாட்டேன். அவளுக்குப் போகிற ஊரெல்லாம் அக்காமார். எனக்கு இருப்பது ஒருத்தி.